காற்று சுத்திகரிப்பானும் களி கிண்டும் அடுப்பும்

நவம்பர் வந்தால் போதும், டெல்லியில் புகைமூட்டம் என்று டிவியில் காட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அடுத்த விளம்பர இடைவேளையிலேயே ஒரு வெள்ளைப் பெட்டி வரும். பக்கத்தில் ஒரு குழந்தை, ஒரு அம்மா, கண்ணாடி ஜன்னல், நீல நிறத்தில் அம்புக்குறி போட்டுக் காற்று உள்ளே போய் வெளியே வரும். ஏர் ப்யூரிஃபையர், அதாவது காற்று சுத்திகரிப்பான்.

இதைப் பற்றி எங்கள் வகுப்பில் இரண்டு கட்சி. ஒரு கட்சி, "அது சும்மா ஃபேனுக்குச் சட்டை போட்டு விற்கிறான்டா" என்கிறது. இன்னொரு கட்சி, "காசு இருந்தா வீட்டுக்கு ஒண்ணு வாங்கணும், இல்லேன்னா நுரையீரல் போச்சு" என்கிறது. நான் இரண்டிலும் இல்லை. பெட்டி நிஜமாகவே வேலை செய்கிறது. ஆனால் நம்ம தர்மபுரி மாவட்டத்தில் யார் மூச்சில் அதிகப் புகை போகிறதோ, அவர்களுக்கு அது உதவாது. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம். பொறுமையாகப் படியுங்கள் :-)

முதலில் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். ஒரு மின்விசிறி. அதற்கு முன்னால் மடிப்பு மடிப்பாக மடித்து வைத்த ஒரு வடிகட்டித் தாள். அவ்வளவுதான். விசிறி அறைக் காற்றை இழுத்துத் தாள் வழியாகத் தள்ளுகிறது, தூசும் புகையும் தாளில் தங்கிவிடுகின்றன. "ஃபேனுக்குச் சட்டை" என்று சொன்னவன் பாதி சரி. ஆனால் விஷயமே அந்தச் சட்டையில்தான் இருக்கிறது.

அந்தத் தாளுக்கு ஹெப்பா என்று பெயர். 1940களில் அமெரிக்கா அணுகுண்டு செய்த காலத்தில், கதிரியக்கத் தூசு வெளியே போகாமல் தடுக்க உருவான வடிகட்டியின் வாரிசு இது. 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடித்தாக வேண்டும் என்பது இதன் இலக்கணம். நம் தலைமுடியின் தடிமனில் கிட்டத்தட்ட இருநூறில் ஒரு பங்குதான் 0.3 மைக்ரான்.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். இதை மாவு சல்லடை மாதிரி நினைத்துக்கொண்டு, "0.3 வரைக்கும் பிடிக்கும், அதைவிடச் சின்னது தப்பிச்சிடும்" என்கிறார்கள். அப்படி இல்லை. இது சல்லடையே இல்லை. கண்ணாடி இழைகளைத் தாறுமாறாகப் போட்டுச் செய்த ஒரு காடு. இழைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி, பிடிக்க வேண்டிய துகளைவிடப் பெரியதாகவே இருக்கும். பிறகு எப்படிப் பிடிக்கிறது?

நம்ம ஊர் ஆட்களுக்குத் தொப்பூர் கணவாயைச் சொன்னால் புரியும். பாரம் ஏற்றிய லாரி வேகமாக வந்தால் வளைவில் திரும்ப முடியாமல் நேரே போய் மோதுகிறது இல்லையா? பெரிய துகள் அப்படித்தான். காற்று இழையைச் சுற்றி வளைந்து போய்விடும், கனமான துகளால் வளைய முடியாது, நேரே போய் ஒட்டிக்கொள்ளும். நடுத்தரத் துகள் வளைந்துவிடும், ஆனால் சாலையோரப் புளியமரக் கிளையில் பஸ் உரசுகிற மாதிரி போகிற போக்கில் இழையை உரசி மாட்டிக்கொள்ளும். மிகச் சின்னத் துகள் இருக்கிறதே, அது குடிகாரன் நடை. காற்று மூலக்கூறுகள் இங்கேயும் அங்கேயும் இடித்துத் தள்ளுவதால் நேராகப் போகவே தெரியாது. அப்படித் தள்ளாடித் தள்ளாடி எங்காவது ஓர் இழையில் முட்டாமல் இருக்காது. அதனால் ரொம்பச் சின்னதும் நன்றாக மாட்டும், பெரியதும் நன்றாக மாட்டும். இரண்டுங்கெட்டானாக நடுவில் இருப்பதுதான் தப்பிக்கப் பார்க்கும். அந்த நடு அளவு ஏறத்தாழ 0.3 மைக்ரான். அதனால்தான் சோதனையை அந்த அளவில் வைக்கிறார்கள். இது தெரிந்த அன்றைக்கு எனக்கு ஒரு மரியாதையே வந்துவிட்டது அந்தத் தாள் மேல்.

இனி அது செய்யாததைப் பார்ப்போம். இந்தத் தாள் துகளைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. கார்பன் மோனாக்சைடு ஜாலியாக உள்ளே போய் வெளியே வரும். நாம் மூச்சு விட்டு அறையில் சேரும் கார்பன் டை ஆக்சைடும் அப்படியே. சில பெட்டிகளில் கரித்தூள் அடுக்கு ஒன்று வைத்திருப்பார்கள். அது வாடையையும் சில வாயுக்களையும் கொஞ்ச நாள் உறிஞ்சும், கரி நிறைந்ததும் நின்றுவிடும். கார்பன் மோனாக்சைடை அதுவும் பிடிக்காது. அயனி விடுகிறோம், ஓசோனால் சுத்தம் செய்கிறோம் என்று வரும் வகைகளை நான் வீட்டுக்குள்ளேயே விடமாட்டேன். ஓசோன் வானத்தில் மேலே இருந்தால் நமக்குக் காவல், மூக்குக்குப் பக்கத்தில் இருந்தால் நுரையீரலுக்கு எரிச்சல். கலிஃபோர்னியா மாநிலம் 2010லிருந்து இப்படிப்பட்ட கருவிகள் விடும் ஓசோனுக்கு உச்சவரம்பே வைத்திருக்கிறது.

செடி வைத்தால் போதும் என்று வாட்ஸப்பில் வருவதையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். நாசா 1989ல் செய்த ஆய்வு மூடிய சின்னப் பெட்டிக்குள் செய்தது. 2019ல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தினர் இருவர் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு ஜன்னல் செய்கிற வேலையைச் செடிகள் செய்ய வேண்டும் என்றால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடி வேண்டுமாம். அப்புறம் நாம் எங்கே படுப்பது?

ஆக, நல்ல ஹெப்பா உள்ள பெட்டி, கதவு ஜன்னல் மூடிய அறை, வெளியே இருந்து வரும் தூசும் புகையும். இந்த மூன்றும் சேர்ந்தால் கருவி தன் காசுக்கு உழைக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, உயரம் பத்தடி என்றால் 34 கன மீட்டர் காற்று. அதை மணிக்கு ஐந்து தடவை வடிகட்ட வேண்டும் என்றால் மணிக்கு 170 கன மீட்டர் தள்ளும் பெட்டி போதும். பெட்டியின் மேல் அந்த எண்ணைப் போட்டிருப்பார்கள். வாங்குகிறவர்கள் அதைப் பார்க்காமல் எத்தனை லைட் எரிகிறது என்று பார்க்கிறார்கள். டெல்லியில் டிசம்பரில் ஆஸ்துமாக் குழந்தை வைத்திருப்பவர் வாங்கினால் நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம்.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மாமா போன தீபாவளிக்கு ஃபோன் செய்தார். அவர் பென்னாகரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஆயாவுக்கு ஒரு ப்யூரிஃபையர் வாங்கி அனுப்பப் போவதாகச் சொன்னார். ஆயாவுக்கு நாலைந்து வருடமாக இருமல். ராத்திரியில் உட்கார்ந்துகொண்டுதான் தூங்கும். பீடி, சுருட்டு, புகையிலை எதுவும் கிடையாது. ஐம்பது வருடமாக அடுப்பு ஊதியது மட்டும்தான். மாமாவின் பாசத்தில் குற்றமே இல்லை. "பன்னெண்டாயிரம்தான்டா, ஆஃபர்ல வருது" என்றார். "வேண்டாம் மாமா, அந்தக் காசை வேற விதமா செலவு பண்ணலாம்" என்று சொன்னதற்கு, "படிச்சுட்டா எல்லாத்துக்கும் எதிர்ப்பேச்சு" என்று திட்டு வாங்கினேன். திட்டு வாங்கியவனுக்கு விளக்கம் சொல்ல உரிமை உண்டு, இல்லையா?

விறகடுப்புப் புகை எவ்வளவு என்று யாரும் யூகிக்க வேண்டியதில்லை, அளந்திருக்கிறார்கள். சென்னை ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் கல்பனா பாலகிருஷ்ணனும் குழுவினரும் தமிழ்நாட்டுக் கிராம வீடுகளில் நுண்துகளை அளந்து 2002ல் வெளியிட்டார்கள். விறகும் வறட்டியும் எரிக்கும் வீடுகளில் சமைக்கும் நேரத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் 500 முதல் 2000 மைக்ரோகிராம் வரை. நாள் முழுக்கச் சராசரி எடுத்தால் சமைக்கும் பெண்ணுக்கு 231. அதே வகை வீட்டில் சமைக்காதவருக்கு 90. கேஸ் போன்ற சுத்தமான எரிபொருள் வீடுகளில் 82. அந்த 231ஐயும் 90ஐயும் இன்னொரு தடவை பாருங்கள். ஒரே கூரை, ஒரே சாப்பாடு. சமைப்பவர் மூச்சில் மட்டும் இரண்டரை மடங்கு. உலக சுகாதார நிறுவனம் 2020ல் வீட்டுப் புகையால் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடுகிறது.

சரி, அந்த அடுப்பங்கரையில் மாமாவின் பெட்டியை வைத்தால் என்ன ஆகும்? ஒரு சின்னக் கணக்கு. எண்கள் ஒரு உதாரணத்துக்குத்தான், ஆனால் நிஜத்துக்குத் தூரம் இல்லை. அடுப்பு நிமிடத்துக்கு 20 மில்லிகிராம் நுண்துகள் கக்குகிறது என்று வையுங்கள். பத்தடி நீளம், அகலம், உயரம் உள்ள அடுப்பங்கரை. கதவு திறந்திருந்து, ஓட்டு இடுக்கு வழியாகவும் சேர்த்து நிமிடத்துக்கு 12 கன மீட்டர் காற்று வெளியேறுகிறது. 20ஐ 12ஆல் வகுத்தால், புகை ஏறி ஏறி நிலைக்கும் அளவு கன மீட்டருக்குச் சுமார் 1670 மைக்ரோகிராம். இப்போது நிமிடத்துக்கு 5 கன மீட்டர் தள்ளும் பெட்டியை, அதாவது மணிக்கு 300, வைக்கிறோம். 20ஐ 17ஆல் வகுக்க வேண்டும். 1180. பெட்டியே இல்லாமல் இன்னொரு ஜன்னல் வைத்துக் காற்றோட்டத்தை இரண்டு மடங்காக்கினால்? 830. ஜன்னல் பெட்டியை ஜெயித்துவிட்டது.

விளம்பரத்தில் சொல்கிற மாதிரி கதவைச் சாத்திவிட்டுப் பெட்டியை ஓட்டினால் இன்னும் வேடிக்கை. இடுக்கு வழியாக 2 கன மீட்டர், பெட்டி 5, மொத்தம் 7. 20ஐ 7ஆல் வகுத்தால் 2860. பெட்டி வாங்கும் முன்பு இருந்ததைவிட மோசம்! கூடவே பிடிபடாத கார்பன் மோனாக்சைடு. விறகுப் புகையில் இருக்கும் தார் அந்த மடிப்புத் தாளைச் சீக்கிரமே அடைத்தும் விடும். புதுத் தாள் இரண்டாயிரம், மூவாயிரம். அதை யார் ஆர்டர் போடுவது? ஆயாவா?

பெட்டி தயாரித்தவர்கள் மேல் இதில் தப்பு இல்லை. வெளியே கெட்ட காற்று, உள்ளே மூடிய அறை என்ற ஊருக்காகச் செய்த கருவி அது. எங்கள் ஆயா வீட்டில் நிலைமை தலைகீழ். உள்ளே கெட்ட காற்று, வெளியே வேப்பமரத்தடியில் நல்ல காற்று. வெளியே இலவசமாகக் கிடப்பதை விட்டுவிட்டு உள்ளே இருப்பதைக் கரண்ட் செலவழித்து வடிகட்டுவானேன்?

தர்மபுரிக்காரர்களுக்கு இந்தப் பாடம் தண்ணீரில் ஏற்கெனவே நடந்திருக்கிறது. நம்ம போர் தண்ணீரில் ஃப்ளோரைடு. பல்லில் பழுப்புக் கறை, வயதானவர்களுக்கு மூட்டு வலி. வீட்டுக்கு வீடு வடிகட்டி கொடுத்துச் சமாளிக்கலாம் என்று விட்டிருந்தால், வாங்க முடிந்தவன் பல் வெள்ளையாகவும் முடியாதவன் பல் பழுப்பாகவும் இருந்திருக்கும். ஜப்பான் கடன் வாங்கி, 2008ல் அடிக்கல் நாட்டி, 2013ல் ஒகேனக்கல் காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தார்கள். எல்லா ஊருக்கும் எல்லா நாளும் ஒழுங்காக வருகிறதா என்பது வேறு சண்டை. ஆனால் வழி அதுதான். கெட்டதை வடிகட்டுவதைவிட, கெடாததைக் கொண்டுவருவது.

"அதான் கேஸ் கொடுத்தாச்சே" என்பீர்கள். கொடுத்தார்கள். 2006க்குப் பிறகு மாநில அரசு இலவச கேஸ் அடுப்பு கொடுத்தது, 2016லிருந்து மத்திய அரசின் உஜ்வலா. எங்கள் ஆயா வீட்டிலும் சிலிண்டர் இருக்கிறது. டீ, காலை உப்புமா, விருந்தாளி வந்தால் குழம்பு, இவ்வளவும் கேஸில்தான். ஆனால் களி?

களி கிண்டாதவர்களுக்கு இது புரியாது. கேழ்வரகு மாவு கொதியில் இறுகும்போது துடுப்பைப் பிடித்துக் கிண்ட இரண்டு கையும் முழு உடம்பும் வேண்டும். பானை அசையாமல் இருக்கக் கவட்டைக் குச்சியை முட்டுக்கொடுத்துக் காலால் மிதித்துக்கொள்வார்கள். இடுப்பு உயர மேடையில், மூன்று கம்பி மேல் ஆடும் கேஸ் அடுப்பில் இதைச் செய்ய முடியுமா? கேஸ் கம்பெனிக்காரர்கள் யாராவது ஒரு தடவை பத்துப் பேருக்குக் களி கிண்டிப் பார்த்துவிட்டு அடுப்பை வடிவமைத்திருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். அப்புறம் குளிக்க வெந்நீர், மாட்டுக்குக் காய்ச்சுவது, நெல் அவிப்பது. எல்லாவற்றுக்கும் சிலிண்டர் போட்டால் மாதக் கடைசியில் என்ன செய்வது? காட்டில் துவரை மார் சும்மா கிடக்கிறது. "எங்கண்ணுக்கு புகை ஒண்ணும் புதுசில்ல சாமி" என்று ஆயா சொல்லும்போது நமக்கு வாய் அடைத்துப்போகிறது. "கிராமத்துப் பெண்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று கட்டுரை எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். விழிப்புணர்வு இருக்கிறது, அவர்கள் கணக்குப் போட்டுத்தான் விறகு எரிக்கிறார்கள்.

கேஸ் வந்தால் எல்லாம் தீர்ந்தது என்று நானும் சொல்லவில்லை. இந்தியா உட்பட நான்கு நாடுகளில் 3200 கர்ப்பிணிகளை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. நம் பக்கம் விழுப்புரத்திலும் நாகப்பட்டினத்திலும். கேஸ் கொடுக்காத பெண்களின் மூச்சில் நுண்துகள் 71 என்றால், கேஸ் கொடுத்த பெண்களின் மூச்சில் 24தான். ஆனால் 2022ல் வந்த முடிவில் குழந்தைகளின் பிறப்பு எடையில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. ஏன் என்று இன்னும் விவாதம் நடக்கிறது. அதற்காகப் புகை நல்லது என்று ஆகிவிடாது. மூன்றில் ஒரு பங்காகக் குறைந்த புகையை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

புகையில்லா அடுப்பு என்ற யோசனையும் பழையதுதான். ஹைதராபாத் பொறியாளர் எஸ்.பி. ராஜு 1950களிலேயே புகைக்கூண்டு வைத்த மண் அடுப்பு செய்து புத்தகமும் எழுதினார். 1980களில் மத்திய அரசு நாடு முழுக்க இப்படிப்பட்ட அடுப்பு போட்டுக்கொடுத்தது, 2002ல் அந்தத் திட்டத்தை மூடியது. ஒடிசாவில் இதே போன்ற அடுப்புகளைச் சில பொருளாதார அறிஞர்கள் நான்கு வருடம் பின்தொடர்ந்தார்கள். முதல் வருடம் புகை குறைந்தது. பிறகு பழைய நிலை. புகைக்கூண்டில் கரி அடைத்தால் துடைக்க ஆள் இல்லை, மண் விரிசல் விட்டால் பூச ஆள் இல்லை. அடுப்பைக் கொடுத்தவன் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதனால் அடுப்பு போட்டுத் தரும் கொத்தனாருக்கு வருடம் ஒரு தடவை வந்து சுத்தம் செய்யவும் சேர்த்துக் கூலி பேச வேண்டும் என்பது என் கட்சி.

மாமாவுக்கு நான் போட்டுக்கொடுத்த செலவுக் கணக்கு இது. ஆயாவுக்கு முதலில் தர்மபுரி ஆஸ்பத்திரியில் நெஞ்சு டாக்டரிடம் ஊதிப் பார்க்கும் சோதனை. வெந்நீர் அடுப்பை அடுப்பங்கரையை விட்டு வெளியே தாழ்வாரத்துக்கு மாற்றுவது, இதற்குச் செலவு நாலு செங்கல். களி அடுப்புக்கு மேலே கூரையைத் தாண்டிப் போகிற புகைக்கூண்டு. எதிர்ச் சுவரில் ஒரு ஜன்னல். விறகை மழையில் நனையாமல் வைக்க ஒரு தகரம், ஏனென்றால் ஈர விறகுதான் அதிகம் புகைகிறது. 2011 திட்டத்தில் வந்த இலவச டேபிள் ஃபேன் இன்னும் பரணில் கிடக்கிறது, ஓடினால் அதை ஜன்னலில் வெளிப்பக்கம் பார்த்து வைத்தால் புகையை இழுத்துத் தள்ளும். மிச்சக் காசுக்கு சிலிண்டர். மாமா இன்னும் "யோசிக்கிறேன்" என்ற நிலையில்தான் இருக்கிறார்.

கடைசியாக, ஹாஸ்டலில் இருக்கும் நம்மாட்களுக்கு ஒன்று. ராத்திரி ஜன்னலைச் சாத்திவிட்டுக் கொசுவர்த்தி கொளுத்துகிறோமே, அதுவும் இதே கதைதான். சீன, மலேசியக் கொசுவர்த்திகளை அளந்து 2003ல் வந்த ஆய்வின்படி, ஒரு சுருள் முழுக்க எரிந்தால் வரும் நுண்துகளின் எடை 75 முதல் 137 சிகரெட் எரிந்தால் வருவதற்குச் சமம். போன வாரம் ஒரு நண்பன் ரூமுக்கு இரண்டு பேராகக் காசு போட்டுச் சின்ன ப்யூரிஃபையர் வாங்கலாமா என்று கேட்டான், கால்மாட்டில் சுருள் புகைந்துகொண்டிருக்கும்போதே. கொசுவலை முந்நூறு, நானூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கட்டுவதற்கு நாலு ஆணி நான் தருகிறேன்.